கோழிக்கூட்டுப் பக்கம் வரும் உடும்பு

மரக்காணம் உப்பளங்களில் பங்குனி வெயில் எப்படிக் காயும் என்று அந்தப் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்கே பாத்திகளில் பூத்த உப்பு கண்ணைக் கூச வைக்கும். நிழல் என்று ஒதுங்க ஒரு செடி இராது. உப்பளத்தை விட்டு மேற்கே வந்தால் சவுக்குத் தோப்புகள், அதையடுத்து மல்லாட்டையும் தர்பூசணியும் போட்ட மணற்பாங்கான கொல்லைகள், வரப்போரம் பனைமரங்கள். பிறகு ஊர். ஊரில் வீட்டுக்கு வீடு பின்புறம் நாலு தென்னை, ஒரு முருங்கை, குளித்த தண்ணீர் பாயும் வாழை, ஒரு எருக்குழி, ஒரு வைக்கோல் போர், ஓரமாக ஒரு கோழிக்கூடு.

சென்ற பங்குனியில் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் உடைந்த பானையில் மணல் பரப்பிப் பன்னிரண்டு முட்டைகளை அடை வைத்திருந்தார். அன்று முற்பகலில் கோழி தீனிக்கு இறங்கிய நேரம் பார்த்து ஏழு முட்டைகள் போய்விட்டன. எருக்குழி ஓரத்தில் மூன்றரை அடி நீளத்தில் ஒரு உடும்பு தலையைத் தூக்கிப் பார்த்துக் கொண்டிருந்தது. தெரு இளவட்டங்கள் மூன்று நாலு பேர் தடியோடு வந்துவிட்டார்கள். "கறி நல்லா இருக்கும்" என்றார் ஒருவர். "கேஸ் ஆயிடும்டா" என்றார் இன்னொருவர். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "உடும்புக்குச் சட்டம் இருக்குன்றாங்க, என் கோழிக்கு எந்தச் சட்டம் சார்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. குடும்பச் செலவில் அவர் கையில் தனியாகப் புழங்கும் காசு அந்தக் கோழிகளால் வருவதுதான். ஏழு முட்டை என்றால் ஏழு குஞ்சு. அன்று அவருக்குச் சொன்னதையும், பிறகு விசாரித்துத் தெரிந்து கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கூச்சமுள்ள பிராணி

உடும்பு பல்லி இனத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் நான்கு வகை உடும்புகள் உள்ளன. அவற்றுள் தமிழ்நாட்டில் நாம் காண்பது இந்த ஒரு வகைதான். மேற்கே ஈரான் எல்லையிலிருந்து கிழக்கே பர்மா வரையிலும், தெற்கே இலங்கையிலும் இதே வகை உண்டு. முழு வளர்ச்சி பெற்றது மூக்கு முதல் வால் நுனி வரை 175 சென்டிமீட்டர், அதாவது ஐந்தே முக்கால் அடி வரை இருக்கும். அதில் பாதிக்கு மேல் வால்தான். நம் தோட்டங்களில் கண்ணில் படுபவை பெரும்பாலும் மூன்று, நாலு அடிக்குள் இருப்பவையே. இந்தோனேசியாவில் கொமோடோ தீவில் பத்தடி வரை வளர்ந்து மானை அடித்துத் தின்னும் ராட்சத உடும்பு இதற்கு உறவுதான் என்றாலும், நம் உடும்புக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது.

குட்டி உடும்பின் உடலில் மஞ்சள் புள்ளிகளும் பட்டைகளும் பளிச்சென்று இருக்கும். வளர வளர மங்கி, மண் நிறமாகிவிடும். இதனால் குட்டியை வேறு ஏதோ ஜந்து என்று நினைத்துக் கொள்கிறார்கள். வட இந்தியாவில் சில இடங்களில் குட்டி உடும்பைக் கொடிய விஷப் பிராணி என்று சொல்லிக் கண்ட இடத்தில் அடிப்பார்கள். அது வெறும் கதை.

இது பகலில் மட்டுமே நடமாடும். இரவில் வளையிலோ, மரப்பொந்திலோ, கரையான் புற்றிலோ படுத்துவிடும். காலையில் வெயில் காய்ந்து உடம்பு சூடேறிய பிறகே இரை தேடப் புறப்படும். பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி வாசனை பிடித்துக் கொண்டு போகும். கண் பார்வையும் கூர்மை. நாம் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது நம்மைப் பார்த்து ஒதுங்கிவிடுகிறது. ஆகவே ஒரே தோட்டத்தில் பல வருஷங்கள் நடமாடியும் வீட்டாருக்குத் தெரியாமலே இருப்பதுண்டு. முட்டை காணாமற் போகிற அன்றுதான் அதன் பெயர் அடிபடும்.

வீட்டுப் பக்கம் ஏன் வருகிறது?

இந்தக் கரையோரத்தில் முன்பு வீரை, காசான், காரை முதலிய மரஞ்செடிகள் பின்னிப் பிணைந்த புதர்க்காடுகள் இருந்தன. கோடையிலும் இலை உதிராத காடுகள் அவை. இன்று மரக்காணம் காப்புக்காட்டிலும், கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற சில கோயில் காடுகளிலும் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கின்றன. மற்ற இடங்களில் சவுக்கும் முந்திரியும் வந்துவிட்டன. சவுக்குத் தோப்பில் நிழல் உண்டு. ஆனால் ஆறேழு வருஷம் கூட நிற்க விடாமல் வெட்டிவிடுகிறோம். பொந்துள்ள பழைய மரம் அங்கே கிடைக்காது.

பக்கத்திலேயே கழுவேலி ஏரி இருக்கிறது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்க்கப்பட்ட ஏரி இது. உடும்புக்கு நீரோரம் பிடிக்கும். நன்றாக நீந்தும், கால் மணி நேரத்துக்கும் மேல் முங்கிக் கிடக்கும். ஏரியோரத்திலும் காயலோரத்திலும் நண்டு, நத்தை, தவளை, செத்த மீன் என்று அதற்கு ஆகாரம் உண்டு. ஆனால் கோடையில் ஏரி வற்றிச் சேறும் வெடித்துவிடுகிறது. அப்போது ஈரமும் நிழலும் இரையும் ஒருங்கே இருக்கிற இடம் எது? வாழைக்குத் தண்ணீர் பாயும் நம் புழக்கடைதான்.

மழைக்காலத்தில் வேறு காரணம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, விழுப்புரம் மாவட்டமெங்கும் வெள்ளம் புரண்டதே, அதுபோன்ற சமயங்களில் வளைகளில் தண்ணீர் ஏறிவிடும். வளையில் வாழும் பிராணிகள் மேட்டைத் தேடி வரும். ஊரில் மேடான இடத்தில்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம். வெள்ள நாட்களில் பாம்பும் உடும்பும் வாசலுக்கு வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எருக்குழியில் அதற்கு என்ன வேலை?

நான் பார்த்த உடும்பு எருக்குழி ஓரத்தில் நின்றது என்று சொன்னேன். அது தற்செயல் அல்ல. தென்னை வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

தென்னங்குருத்தைத் துளைத்து நாசம் செய்யும் காண்டாமிருக வண்டு பிறப்பது தென்னையில் அல்ல, நம் எருக்குழியில். மக்கிய எருவில் முட்டையிடுகிறது. வெள்ளையாக, தடித்து, வளைந்து கிடக்கும் அதன் புழு மூன்று முதல் ஆறு மாதம் வரை அந்த எருவிலேயே தின்று வளர்ந்து, கூண்டுப்புழுவாகி, பிறகு வண்டாகப் பறந்து தென்னை உச்சிக்குப் போகிறது. குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டினாற்போல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் நாம் விழித்துக் கொள்கிறோம்.

உடும்பு முன்னங்கால் நகங்களால் மக்கிய எருவையும் சருகுக் குவியலையும் கிளறிப் பார்ப்பது இப்படிப்பட்ட புழுக்களுக்காகவும் வண்டுகளுக்காகவும்தான். வால்டர் ஆஃபன்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்த உடும்பைப் பற்றி மட்டுமே ஆராய்ந்து 1994ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதன் இரைகளில் எண்ணிக்கையில் முதலிடம் வண்டுகளுக்குத்தான் என்பது அவர் கண்டது. அதற்கு மேல் வெட்டுக்கிளி, தேள், நத்தை, நண்டு, தவளை, எலி, பாம்பு, பாம்பு முட்டை, பறவை முட்டை என்று அகப்பட்டதையெல்லாம் தின்னும். செத்த பிராணியையும் விடாது. வளர்ந்த உடும்பு எலி வளைக்குள் தலையை விட்டு எலிக்குஞ்சுகளை விழுங்கும். வரப்பைத் துளைத்துத் தண்ணீரைக் கசிய விடும் வயல் நண்டும் அதற்கு இரைதான். கோழி முட்டை அதன் சாப்பாட்டில் எப்போதோ அகப்படும் ஒரு பண்டம், அவ்வளவே.

ஒரு உடும்பு இருந்தால் காண்டாமிருக வண்டே ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எருவை அடிக்கடி கிளறிப் புழுக்களைப் பொறுக்க வேண்டும். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தை எருக்குழியில் விட வேண்டும். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண் சட்டிகளில் தோப்பில் அங்கங்கே வைத்தால் வண்டுகள் வந்து விழும். இவற்றையெல்லாம் செய்தாக வேண்டும். ஆனால் கூலி கேட்காமல் தினமும் எருக்குழியைக் கிளறிப் பார்க்கும் ஒரு பிராணியைத் தடியால் அடித்துவிட்டு, பிறகு கடைக்குப் போய் வண்டுக்கு மருந்து கேட்பது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். எலி மருந்து வைக்கிறவர்கள் செத்த எலிகளை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். மருந்து தின்ற எலியை உடும்பு, கூகை, சாரைப்பாம்பு, நம் வீட்டு நாய், பூனை எது தின்றாலும் ஆபத்து.

முட்டைத் திருடன் யார்?

முட்டை காணவில்லை என்றதும் உடும்பின் மேல் பழியைப் போடுவதற்கு முன் கொஞ்சம் தடம் பார்க்க வேண்டும். கடலோர மணல் இதற்கு வசதியானது. இருளர் மக்கள் தடம் பார்ப்பதில் கைதேர்ந்தவர்கள். மணலில் ஒரு கோட்டைப் பார்த்தே போனது என்ன பாம்பு, எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள். செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் தொழிலே இந்த அறிவின் மேல் நிற்பதுதான். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். அவர்கள் அளவுக்கு வராவிட்டாலும், நாமும் ஓரளவு பார்த்துப் பழகலாம். மாலையில் கோழிக்கூட்டைச் சுற்றி மணலைத் துடைப்பத்தால் சமன் செய்து விடுங்கள். மறுநாள் தடம் தெரியும்.

உடும்பு போன இடத்தில் இரண்டு பக்கமும் நகம் பதிந்த ஐந்து விரல் தடங்கள் மாறி மாறி இருக்கும். நடுவில் வால் இழுத்த கோடு வளைந்து வளைந்து போகும். இந்த நடுக்கோடுதான் முக்கிய அடையாளம். கீரியின் தடம் சிறியது, பூனைத் தடம் போல. வால் கோடு இராது. பாம்புக்குக் கோடு மட்டும் இருக்கும், கால் தடம் இருக்காது.

ஓட்டையும் பார்க்க வேண்டும். உடும்பு முட்டையை முழுசாக விழுங்கிவிடும்; ஓடு கிடைப்பது அரிது. நல்ல பாம்பும் சாரையும் அப்படியே. கீரி உடைத்துக் குடித்துவிட்டு ஓட்டைப் போட்டுப் போகும். காக்கை குத்தின முட்டையில் துளை தெரியும், மஞ்சள் கரு ஒழுகியிருக்கும். எலியும் பெருச்சாளியும் கடித்த ஓட்டின் விளிம்பில் பல் பதிந்திருக்கும். இரவில் போன முட்டைக்கு உடும்பு பொறுப்பாளி அல்ல. இரவுத் திருடர்கள் மரநாய், காட்டுப்பூனை, பெருச்சாளி, பாம்பு ஆகியவை.

சில வீடுகளில் திருடன் உள்ளேயே இருப்பான். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த கோழி தன் முட்டையைத் தானே கொத்தித் தின்னும். ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் விடாது. கூட்டில் ஓட்டுத் துணுக்குகளும், கோழியின் அலகில் காய்ந்த மஞ்சள் கருவும் இருந்தால் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கோழியைத்தான். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதற்குப் பரிகாரம் சுலபம். கிளிஞ்சலை இடித்துத் தூளாக்கி ஒரு ஓட்டுச் சில்லில் போட்டு வைத்தால், வேண்டிய அளவு கோழியே தின்று கொள்ளும்.

கூட்டில் செய்ய வேண்டிய மாற்றம்

தடம் பார்த்து, வந்தது உடும்புதான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக் கொள்வோம். உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாம்புக்கே போதாது, உடும்புக்கு எப்படிப் போதும்? தென்னையிலும் செங்கல் சுவரிலும் அது தாராளமாக ஏறும். உயரத்தால் பயனில்லை, மூடி வைப்பதால்தான் பயன்.

அடைக்கோழிக்கு ஆகும் காலம் 21 நாள். அந்த மூன்று வாரமும் பானையை வீட்டுக்குள், கதவு சாத்தக்கூடிய ஒரு மூலையில் வைப்பது எல்லாவற்றிலும் சிக்கனமான வழி. கோழி தினமும் ஒரு தடவை தீனிக்கும் எச்சமிடவும் இறங்கும். அதைக் காலையில் வெயில் ஏறுவதற்கு முன், நாம் பக்கத்தில் நிற்கும் நேரமாகப் பழக்கிவிட வேண்டும். உடும்பு அப்போது இன்னும் வெயில் காய்ந்து கொண்டிருக்கும். வீட்டுக்குள் இடமில்லாதவர்கள் பானையின் மேல் பஞ்சாரத்தைக் கவிழ்த்து ஒரு கல்லை ஏற்றி வைக்கலாம். கல் இல்லாத வெறும் கூடையை உடும்பு மூக்கால் நெம்பித் தள்ளிவிடும்.

முட்டையிடும் கோழிகளுக்குத் தனிக் கூடு இருந்தால், பக்கங்களுக்கு அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை அடியுங்கள். வலையின் அடிப்பாகம் தரைக்குள் ஒரு அடி புதைந்திருக்க வேண்டும். ஏனெனில் மணலைப் பறிப்பது உடும்புக்கு ஒரு வேலையே இல்லை. வலை புதைக்க வசதி இல்லையென்றால் சுற்றிலும் உடைந்த ஓடும் கருங்கல் சில்லும் போட்டுக் கெட்டிக்கலாம். கதவுக்குக் கயிறு கட்டுவதைவிடக் கொண்டி போடுவது நல்லது. முட்டைகளை மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும். மாலை வரை கூட்டிலேயே விட்டு வைத்தால் யாராவது எடுத்துக் கொள்ளத்தான் செய்வார்கள்.

குஞ்சுகளை முதல் நாலு வாரம் மூடின இடத்தில் வளர்ப்பது உடும்புக்காக மட்டுமல்ல. பருந்து, காக்கை, கீரி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அதோடு மீன் கழுவின தண்ணீர், செதில், குடல், கோழிக் கழிவு இவற்றைப் புழக்கடையில் கொட்டுகிற வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அந்த வாசனை வெகு தூரம் போகும். முதலில் அதற்காக வரும் உடும்பு பிறகுதான் பானையைக் கண்டுபிடிக்கிறது. கழிவைக் குழி தோண்டி மூடினால் தென்னைக்கும் உரமாகும்.

நேருக்கு நேர் கண்டால்

ஒன்றும் செய்ய வேண்டாம். நின்ற இடத்தில் நின்றால் போதும், அது போய்விடும். கூட்டம் கூடி நாலு பக்கமும் மறித்துக் கொள்வதுதான் தவறு. ஓட வழியில்லாத உடும்பு உடம்பை உப்பிக் கொண்டு சீறும், வாலைச் சாட்டை போல் வீசும். அதுவும் பலிக்காவிட்டால்தான் கடிக்கும். கடித்தால் சட்டென்று விடாது. வளைக்குள் புகுந்து கொண்டாலும் உடம்பை உப்பி, நகங்களை ஊன்றிக் கொள்ளும். வாலைப் பிடித்து இழுத்தாலும் வராது. உடும்புப் பிடி என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். "உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்ற பழமொழியைச் சொன்னவரும் வளைக்குள் கையை விட்டுப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

மராட்டியத்தில் சிங்ககட் கோட்டையை 1670ல் பிடித்தபோது உடும்பின் இடுப்பில் கயிறு கட்டி ஏறினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையாகக் கேட்கலாம். ஆள் பாரத்தை உடும்பு தாங்குமா என்று பரீட்சை பார்க்க வேண்டியதில்லை.

அறைக்குள் நுழைந்துவிட்டால் வெளிக்கதவைத் திறந்து வைத்துவிட்டு, எல்லாரும் விலகிப் போய்விடுங்கள். நாயைக் கட்டிப் போடுங்கள். அரை மணியில் வழி தேடிக் கொள்ளும். போகாமல் பரண் மேல் ஏறிக் கொண்டால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லி அனுப்பலாம்.

பாம்பைப் போல் விஷப்பல் இதற்குக் கிடையாது. ஆனால் உடும்பு இனங்களின் வாய்ச் சுரப்பிகளில் நச்சுப் புரதங்கள் இருப்பதாக 2006ல் ஓர் ஆராய்ச்சி சொன்னது. வாயில் அழுகின மாமிசத்தின் கிருமிகளும் இருக்கும். ஆகவே கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் டெட்டனஸ் ஊசியும் போட்டுக் கொள்ள வேண்டும். மஞ்சள் பற்றுப் போட்டுக் கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

கறியும் மருந்தும் சட்டமும்

உடும்புக் கறி இடுப்புக்கு நல்லது, ரத்தம் குடித்தால் பலம், எண்ணெய் மூட்டு வலிக்கு என்று எத்தனையோ சொல்கிறார்கள். இவற்றில் எதற்கும் மருத்துவ ஆதாரம் இல்லை. இதைவிட மோசமான ஒரு வியாபாரம் 2017ல் வெளிப்பட்டது. 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில், அபூர்வமான ஒரு செடியின் வேர், வீட்டில் வைத்தால் லட்சுமி தங்குவாள் என்று சொல்லி விற்கப்பட்டது வேரே அல்ல. ஆண் உடும்பின் குறியை அறுத்துக் காயவைத்தது. வாங்கிப் பூஜையில் வைத்தவர்களுக்கு அது தெரியாது.

கஞ்சிராவுக்குக் கட்டும் தோலும் உடும்புத் தோல்தான். பலாக்கட்டை வளையத்தில் அந்த மெல்லிய தோலை இழுத்து ஒட்டினால் வரும் நாதம் தனி என்று வித்வான்கள் சொல்வார்கள். இன்று ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் வாசிக்கிறார்கள். ஒரு காலத்தில் செருப்புக்கும் கைப்பைக்கும் உடும்புத் தோல் ஏராளமாக வெளிநாட்டுக்குப் போனது. அதை நிறுத்தத்தான் சட்டம் கடுமையாயிற்று.

1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. அடித்தாலோ, பிடித்தாலோ, கறியை வைத்திருந்தாலோ மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை சிறை. அபராதம், 2022ல் செய்த திருத்தத்தின்படி, 25,000 ரூபாய்க்குக் குறையாது. அதன் முட்டையை எடுப்பதும் சேதப்படுத்துவதும் வேட்டையாகவே கருதப்படும். தடியோடு வந்த இளைஞர்களிடம் இதை நான் விவரமாகச் சொன்னபோது ஒருவர், "ஏழு முட்டைக்கு ஏழு வருஷமா சார்?" என்றார். சிரிப்புத்தான் வந்தது, ஆனால் விஷயம் சிரிப்பல்ல. அடித்தவர் ஒருவர், கூட நின்று கறி பங்கு வாங்கியவர் நாலு பேர் என்றாலும் எல்லாரும் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டி வரும். கூலி வேலைக்கோ உப்பளத்துக்கோ போகிற குடும்பத்தால் அதைத் தாங்க முடியாது.

முட்டைக் குழி, உறைக்கிணறு, பழைய வலை

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெண் உடும்பு மண்ணிலோ கரையான் புற்றிலோ குழி பறித்து இருபது முட்டை வரையில் இட்டு மூடிவிட்டுப் போய்விடும். பக்கத்தில் போலிக் குழிகளும் பறித்து வைக்கும். ஆறு முதல் எட்டு மாதம் கழித்தே குஞ்சு வெளிவரும். ஆகவே கார்த்திகை, மார்கழியில் புற்றையோ வரப்பையோ வெட்டும்போது, தோல் போல மெத்தென்ற ஓடு உள்ள வெள்ளை முட்டைகள் கூட்டமாக வந்தால் திருப்பிப் போடாமல், இருந்த வாக்கிலேயே மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள். பாம்பு முட்டையும் அப்படித்தான் இருக்கும். கையால் அளைந்து பார்க்க வேண்டாம்.

மணல் பூமியில் உறைக்கிணறுகள் அதிகம். சிமெண்ட் உறை வழுவழுப்பாக இருப்பதால் விழுந்த உடும்பு ஏற முடியாமல் செத்து, குடிதண்ணீர் கெட்டுப் போகும். ஒரு பழைய சாக்கைக் கயிற்றில் கட்டித் தண்ணீர் மட்டம் வரை தொங்க விட்டால் அதைப் பிடித்து ஏறிவிடும். மீனவர்கள் கழித்த நைலான் வலையைத் தோட்ட வேலியாகக் கட்டுகிறோம் அல்லவா, அதில் உடும்பும் பாம்பும் சிக்கிக் கொள்வதுண்டு. வலையின் அடி விளிம்பு தரையில் சுருண்டு கிடக்க விடாமல் இழுத்துக் கட்டி, முளைக்குச்சி அடித்து வையுங்கள். சிக்கினதைக் கையால் எடுக்கப் போகாமல், அதன் தலையில் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். தலை மூடியதும் அடங்கிக் கிடக்கும்.

அந்த அம்மாள் மிச்சமிருந்த ஐந்து முட்டைகளையும் பானையோடு தூக்கி அடுப்பங்கரை மூலையில் வைத்துவிட்டார். நாலு பொரித்தன. உடும்பு இப்போதும் முற்பகலில் எருக்குழிப் பக்கம் வருகிறதாம். "கூட்டுக்குக் கொண்டி போட்டுட்டேன் சார், அது பாட்டுக்கு வந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.